பார்த்துப் போட்டது

எழுத்தாளன் என்று பெயர் வாங்கிவிட்டால் ஒரு தொல்லை உண்டு. கல்யாண வீட்டிலிருந்து கருமாதி வரை எங்கே போனாலும், "நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள்" என்று முன்னால் தள்ளிவிடுவார்கள். நல்ல வார்த்தைகளை நான் ஏதோ குதிரில் கொட்டி வைத்திருப்பதாக நினைப்பு. அப்படித்தான் போன வருஷம் என் தங்கை மகன் என்னைத் திருப்பூருக்குக் கூப்பிட்டான்.

அவன் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் டிஸைனர். அதற்கு வெளியே இன்னொரு வேலையும் வைத்துக்கொண்டிருந்தான். ஊரின் வடகோடியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், சனிக்கிழமைப் பிற்பகல்களில், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிஸைன் போடச் சொல்லித் தருவது. சம்பளம் கிடையாது. தலைமையாசிரியர் வாங்கித் தரும் டீ உண்டு.

நாலு நல்ல வார்த்தை பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிட்டது. ஆனால் நான் அங்கே எட்டுச் சனிக்கிழமை போய் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுக்கப் போனவன் கற்றுக்கொண்டு திரும்பினேன் என்று எழுதினால் படிக்க அழகாயிருக்கும். ஒரு பையன் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் திரும்பினேன் என்று எழுதுவதுதான் நியாயம்.

ஒன்பது கம்ப்யூட்டர்கள், இருபத்திரண்டு பிள்ளைகள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கம்பெனியின் ஓவர்லாக் மெஷின்கள் மழை மாதிரி ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலில் பிறந்து வளர்ந்தவர்களாதலால் பிள்ளைகளுக்கு அது காதிலேயே விழவில்லை. எனக்குத்தான் முதல் இரண்டு வாரம் தலை வலித்தது.

இந்தப் பிள்ளைகளுக்கு முதல் படி ஏற்கெனவே தெரியும். போனிலேயே கற்றுக்கொண்டு விட்டார்கள். காதுகுத்து பேனரில் குழந்தையின் படத்தை வெட்டி ஒட்டுவது, தாய்மாமன்களை வரிசையாக நிறுத்துவது, எழுத்தை வானவில்லாக வளைத்து அதற்கு நிழல் கொடுப்பது இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. மருமகன் சொல்லித் தந்தது இரண்டாவது படி. முதல் படியில் சேர்த்ததையெல்லாம் எடுப்பதுதான் இரண்டாவது படி என்று எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆயிற்று.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 'ழ' என்ற எழுத்தை வரையச் சொன்னான். கம்ப்யூட்டரில் கோடு என்பது கையால் இழுப்பது அல்லவாம். இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் மீசை மாதிரி நீண்டு நிற்கும் பிடியைத் திருகினால் இடையிலே கோடு தானே வளைகிறது. பிள்ளைகள் ஒரு 'ழ'வுக்கு நாற்பது புள்ளி வைத்தார்கள். எழுத்து எறும்பு கடித்த மாதிரி மேடும் பள்ளமுமாக வந்தது. "பன்னண்டு புள்ளியில முடிங்க" என்றான். ஒரு மணி நேரம் திணறினார்கள். ஒரு பெண் பதின்மூன்றில் முடித்தாள். அந்த 'ழ' ஆற்றுத் தண்ணீர் திரும்புவதுபோல் திரும்பி நின்றது. அறுபது வருஷமாக நான் எழுதிக்கொண்டிருக்கும் எழுத்துத்தான். அன்றுதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

இந்த வளைகோட்டுக்கு பெஸியே என்ற பிரெஞ்சுக்காரர் பெயர். ரெனோ மோட்டார்க் கம்பெனியில் என்ஜினீயராயிருந்தவர். 1960களில் கார் உடம்பின் வளைவைக் கணக்கில் கொண்டுவர இதைப் பிரபலப்படுத்தினார். ஆனால் அதற்கு முன்பே, 1959-லேயே, போட்டிக் கம்பெனியான சிட்ரோனில் காஸ்டெல்ஜோ என்பவர் இதே கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார். அவருடைய கம்பெனி அதை ரகசியமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டியது. வெளியே சொன்னவர் பெயர் கோட்டுக்கு வந்தது. மருமகன் இதைப் போகிற போக்கில் சொன்னான். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு அது ஏனோ மனத்தில் தங்கிவிட்டது.

அப்புறம் நிறம் பிரிப்பது. பனியனில் படம் அச்சாவது காகிதத்தில் அச்சாவது போலல்ல. ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். நாலு நிறமென்றால் நாலு ஸ்கிரீன். நாலு தடவை மை இழுக்கவேண்டும். முதலில் இழுத்ததன்மேல் அடுத்தது நூலளவு விலகாமல் உட்கார வேண்டும். கறுப்புத் துணியில் மஞ்சள் அச்சிட்டால் மஞ்சள் செத்துப்போகும். அடியில் வெள்ளை இழுத்து அதன்மேல்தான் மஞ்சள். "அப்ப மஞ்சளுக்கு ரெண்டு ஸ்கிரீன் செலவுங்களா சார்?" என்று ஒருத்தி கேட்டாள். அப்பன் வீட்டுக் காசு போவதுபோல் அவளுக்கு முகம் வாடிவிட்டது. நிறத்தை ஆறிலிருந்து மூன்றாகக் குறைத்தும் படம் கெடாமல் பார்ப்பது எப்படி என்று அன்று முழுவதும் பாடம் நடந்தது.

அரசு தரும் பாடப்புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் பேஜ்மேக்கர் பாடம் இருக்கிறது. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. என் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருவர்கூட அன்று பிறந்திருக்கவில்லை. நான் குறை சொல்லவில்லை. நான் படித்த காலத்துப் பாடப்புத்தகத்தில் ராபின்ஸன் குரூஸோ இருந்தான். அவன் மட்டும் புதியவனா? மருமகன் வகுப்பில் பயன்படுத்தியது இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருள். பட்டறைகளில் பலரும் விலை உயர்ந்த மென்பொருளின் திருட்டுப் பிரதியை வைத்துக்கொண்டு வேலை செய்வதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். "நாமளும் அதையே போட்டுக்கலாங்களே சார்" என்று கேட்டபோது அவன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டான். திருடிய கருவியில் பாடம் நடத்தமாட்டானாம். இப்படிப்பட்ட வாத்தியாருக்குத்தான் அந்தச் சோதனை வந்தது.

பாடம் சொல்லித்தரும் முறை ஒன்றுதான்: பார்த்துப் போடு. நல்ல படம் ஒன்றைத் திரையில் அடியில் வைத்து, அதன்மேல் புள்ளி வைத்து, கோட்டுக்குக் கோடு இழுக்கவேண்டும். பூ, பறவை, பழைய தீப்பெட்டிப் படம், கம்பெனி முத்திரை எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துப் போட்டார்கள். கை பழக வேறு வழி இல்லை என்றான் மருமகன். எனக்கும் அது சரியென்றே பட்டது. சங்கீதம் அப்படித்தான் வருகிறது. சமையலும் அப்படித்தான்.

ஐந்தாவது வாரம் நானும் அவனும் காதர்பேட்டைக்குப் போனோம். என் பேத்திக்கு இரண்டு பனியன் வாங்கவேண்டும். ஏற்றுமதியில் மிஞ்சியது, கழிந்தது, உள்ளூருக்கென்றே தைத்தது எல்லாம் அங்கே மலைமலையாகக் கிடக்கும். ஒரு குவியலில் குழந்தைப் பனியன்கள். நெஞ்சிலே ஓர் ஆந்தை. ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து, தலையிலே ஒரு பூவோடு, வெகு குறும்பாகப் பார்த்தது. எனக்குப் பிடித்துவிட்டது. விலை கேட்கப் போனேன். மருமகன் என் கையிலிருந்து அதை வாங்கினான். ஆந்தையின் இறக்கையில் விரலை வைத்து மெதுவாகக் கோட்டோடு போனான்.

"மாமா, இது நம்ம பையன் கோடு" என்றான்.

கையெழுத்துப் போல் கோட்டிலும் ஆள் தெரியுமாம். அந்தப் பையன் எந்த வளைவை முடித்தாலும் கடைசியில் இம்மியளவு உள்ளே மடிப்பானாம். பெருமையாகச் சொல்கிறான் என்று நினைத்து அவன் முகத்தைப் பார்த்தேன். முகம் கறுத்திருந்தது.

"கோடு அவனுது. ஆந்தை அவனுது இல்லே. இதை நான் வேறே இடத்துல பார்த்திருக்கேன். அதுல இடது கண்ணு மூடியிருக்கும். இதுல வலது கண்ணு. அதுல தலையில இலை, இதுல பூ. படத்தைத் திருப்பிப் போட்டு, இலையைப் பூவாக்கியிருக்கான்."

யாரோ ஒரு வெளிநாட்டு ஓவியர் வரைந்து இணையத்தில் போட்டிருந்த படம். பையனின் அப்பா ஒரு டேபிள் பிரிண்டிங் பட்டறையில் மை இழுப்பவர். அம்மா வேறொரு கம்பெனியில் செக்கிங். தேனிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். பையன் பேச்சில் திருப்பூர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவன் அக்காவுக்குப் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி வீட்டில் இருந்தது. பட்டறை முதலாளி படத்தைக் காட்டி, "இதைக் கொஞ்சம் மாத்திப் போட்டுக் குடு கண்ணு" என்றிருக்கிறார். ஓர் இரவில் போட்டுக் கொடுத்திருக்கிறான். நானூறு ரூபாய்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் மருமகன் அந்தப் பனியனை மேஜைமேல் விரித்தான். பையன் அதைப் பார்த்தான். அவன் முகத்தில் பயத்தை எதிர்பார்த்தேன். சந்தோஷம்தான் வந்தது. தான் போட்ட படத்தைத் துணியில் அவன் அன்றுதான் பார்க்கிறான்! வாத்தியார் பாராட்டப்போகிறார் என்றே நினைத்தான்.

"இது யார் படம்?"

"நான் போட்டதுங்க சார்."

"நீ போட்டதா, பார்த்துப் போட்டதா?"

பையன் கொஞ்சம் குழம்பினான். "பார்த்துத்தானுங்க சார் போட்டேன். நீங்கதானுங்களே பார்த்துப் போடச் சொன்னீங்க." அப்புறம், தன் கட்சிக்கு வலுச் சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு, "புள்ளி எண்ணிப் பாருங்க சார். முப்பத்தொண்ணுதான்" என்றான்.

மருமகன் கோபமாக நாலு வார்த்தை சொன்னான். திருட்டு என்ற வார்த்தையும் அதில் இருந்தது. அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டான். பையன் பனியனை மடித்தான். சட்டைக் கைகளை உள்ளே வைத்து, நாலாக, கடையில் மடிக்கிற மாதிரி. மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

அந்த மடிப்பு என்னை என்னவோ செய்தது. நேரே டீக்கடையில் மருமகனைப் பிடித்தேன்.

"பதினாறு வயசுப் பையனுக்கு இவ்வளவு கோபமா?" என்று கேட்டேன்.

அவன் வெகுநேரம் பேசவில்லை. டம்ளரைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "வாரத்துல ஆறு நாள் நான் செய்யறதும் அதான் மாமா. வெளிநாட்டுலேருந்து ஒரு போட்டோ வரும், யாரோ கடையில எடுத்தது. 'இதே மாதிரி இருக்கணும், ஆனா இதுவா இருக்கக் கூடாது'ம்பாங்க. நான் இலையைப் பூவாக்குவேன். எனக்கு அதுக்கு மாசச் சம்பளம். சனிக்கிழமை ஒரு நாளாவது அது இல்லாம இருக்கட்டும்னுதான் இங்கே வர்றேன். இங்கேயும் அது வந்து உட்கார்ந்துடுச்சு."

இந்த இடத்தில் நானும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். இத்தனை நாள் சொல்லாதது.

எனக்குப் பத்தொன்பது வயதில் முதல் கதை ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. ஊரெல்லாம் புகழ்ந்தார்கள். அப்பா, என்னோடு மூன்று மாதமாகப் பேசாதிருந்தவர், தபால்காரர் கொண்டுவந்த இருபத்தைந்து ரூபாய் மணியார்டரைத் தாமே கையெழுத்துப் போட்டு வாங்கிப் பூஜையில் வைத்தார். அந்தக் கதை மாப்பஸானுடையது. பாரிஸைக் கோயம்புத்தூராக்கினேன். திராட்சை மதுவைக் காப்பியாக்கினேன். சீமாட்டியை மிராசுதார் மனைவியாக்கினேன். பெயர்களை மாற்றினேன். இலையைப் பூவாக்கினேன் என்றே சொல்லிவிடலாம். கடைசிப் பாராவில் மட்டும் என் சொந்தச் சரக்காக இரண்டு வாக்கியம் உண்டு. அவை இல்லாமலிருந்தால் கதை இன்னும் நன்றாயிருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தழுவல் என்ற கௌரவமான பெயரும் அதற்கு இருந்தது. தழுவல் கூடாது, மொழிபெயர்ப்பே வேண்டும் என்று சண்டைக்கு நின்ற புதுமைப்பித்தன் பேரிலேயே அந்தப் புகார் எழுந்ததை இலக்கிய வாசகர்கள் அறிவார்கள். ஆனால் அவர் புதுமைப்பித்தன். அவர் கணக்கில் நான் என் கடனைக் கழித்துக்கொள்ள முடியாது.

ஆகவே பையனைத் திருடன் என்று சொல்ல அந்த மேஜையைச் சுற்றி யாருக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் யோக்கியதை இல்லாததால் கேள்வி இல்லாமல் போய்விடுமா? பார்த்துப் போடுவது எந்த இடத்தில் படிப்பாக இருந்து, எந்த இடத்தில் தவறாக மாறுகிறது?

கோயம்புத்தூரில் என் பழைய சிநேகிதர் ஒருவர் வக்கீல். அவரிடம் கேட்டேன். அவர் 1957-ஆம் வருஷத்துக் காப்பிரைட் சட்டத்தை எடுத்துப் பதினைந்தாவது பிரிவைக் காட்டினார். டிஸைன் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யத் தகுந்த ஒரு டிஸைனைப் பதிவு செய்யாமல் விட்டால், அதற்கு உரியவரோ அவர் அனுமதி பெற்றவரோ அதைத் தொழில்முறையில் ஐம்பது தடவைக்குமேல் பிரதி செய்த உடனே காப்பிரைட் போய்விடுகிறதாம். படம் ஓவியமா டிஸைனா என்பதில் வக்கீல்கள் நாள் முழுதும் வாதாடுவார்கள், அது வேறு. ஐம்பது என்ற எண்ணைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். திருப்பூரில் ஐம்பது என்ன எண்ணிக்கை? ஒரு டேபிளில் ஐம்பது பீஸை டீ வருவதற்குள் இழுத்துவிடுவார்கள். சட்டம் தன் கணக்கில் எண்ணட்டும். என் கேள்வி எண்ணிக்கையைப் பற்றியதில்லை. அந்தப் பையன் ஒரே ஒரு பனியனில் அச்சிட்டு அதைத் தன் தங்கைக்குக் கொடுத்திருந்தால் ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம். "நான் போட்டது" என்று சொல்லிக் கொடுத்திருந்தால்?

நம் பாட்டன் பூட்டனெல்லாம் பார்த்துப் போட்டவர்கள்தான். ஓலைச்சுவடி இருநூறு முந்நூறு வருஷத்தில் செல்லரித்துப் போகும். அதற்குள் யாராவது பார்த்து இன்னொரு ஓலையில் எழுதியாகவேண்டும். அப்படி எழுதியிருக்காவிட்டால் உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தும் கையில் தூசிதான் அகப்பட்டிருக்கும். நமக்குச் சங்க இலக்கியம் கிடைத்தது பிரதி செய்த கைகளால்தான். எழுதி முடித்தவர் சில சுவடிகளில் கடைசியில் தம் பெயரும் தேதியும் போட்டிருக்கிறார். 'இன்னார் எழுதி முடித்தது' என்பார். இன்னார் பாடியது என்று தம்மைச் சொல்லிக்கொள்ளமாட்டார். அந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான் நான் தேடுகிற இடமோ என்று தோன்றிற்று.

பார்த்துப் போடுவதற்கென்றே பிறந்த படங்களும் உண்டு. நம் திருப்பூர்க் குமரன் 1932 ஜனவரியில் அடிபட்டு விழுந்தபோது விடாமல் பிடித்திருந்த கொடி யாருடைய டிஸைன் என்று எவரும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. கொடி என்றால் ஆயிரம் பேர் பார்த்துத் தைத்தால்தான் அது கொடி. வாசல் கோலமும் அப்படியே. எதிர்வீட்டுக் கோலத்தை இன்று நம் வீட்டில் போட்டால் எதிர்வீட்டு அம்மாள் போலீஸுக்குப் போகமாட்டாள். மனத்துக்குள் கொஞ்சம் பூரித்துக்கொள்வாள். ஆனால் கோலத்துக்கு யாரும் நானூறு ரூபாய் தருவதில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். காசு நடுவே வந்து உட்கார்ந்ததும் கோலம் வேறாகிவிடுகிறது.

அப்படியானால் காசு வாங்கியதுதான் தவறா? அதுவும் பொருந்தவில்லை. பையனுக்கு நானூறு; பட்டறைக்காரருக்கு அதைவிட மேல்; வியாபாரிக்கு அதற்கும் மேல். கடைசியில் எண்பது ரூபாய்க்கு மலிவாக வாங்கி என் பேத்திக்கு மாட்ட நினைத்த எனக்கும் அதிலே லாபம் உண்டு. இத்தனை பேரில் பதினாறு வயதுக்காரன் ஒருவனைப் பொறுக்கி எடுத்துத் தர்ம சாஸ்திரம் போதித்தோம். அவன் கையில்தானே புள்ளி இருந்தது, அதனால்.

பையனை மறுபடி கூப்பிடச் சொன்னேன். மருமகன் மறுக்கவில்லை. தானே அவர்கள் வீட்டுக்குப் போய் அழைத்து வந்தான்.

அன்று ஒரு புதிய விதி வந்தது. எதைப் போட்டாலும் தாளின் மூலையில், "யாரைப் பார்த்துப் போட்டது" என்று எழுதவேண்டும். பார்ப்பதற்குத் தடையில்லை, மறைப்பதற்குத்தான் தடை. இந்த யோசனை அவனுக்கு இன்க்ஸ்கேப்பிலிருந்து வந்ததாம். அந்த மென்பொருளே ஒரு பிரதிதான். சோடிபோடி என்று ஒன்று இருந்தது; 2003-இல் சிலர் அதை அப்படியே எடுத்துத் தங்கள் இஷ்டப்படி மாற்றி இதை உண்டாக்கினார்கள். சோடிபோடியும் அதற்கு முன்பிருந்த இன்னொன்றின்மேல் எழுந்ததுதான். எல்லாம் பகிரங்கம், எடுத்துக்கொள்ள உரிமை உண்டு, மாற்ற உரிமை உண்டு, ஆனால் முன்னவர்களின் உரிமைக் குறிப்பை அழிக்க உரிமை இல்லை.

மூலைகளைப் பார்க்க எனக்கு வெகு ருசியாயிருந்தது. 'எங்க அம்மாயி கோலம்' என்று ஒன்று. 'பழைய பஸ் ஸ்டாண்டு சுவர்' என்று ஒன்று. 'வேணியைப் பார்த்து' என்று பக்கத்து நாற்காலிக்காரியின் பெயரைப் போட்டு ஒன்று. நாலைந்து பேர் 'கூகுள்' என்று எழுதியிருந்தார்கள். "கூகுள் படம் போடாது. கூகுளுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்காங்க. கண்டுபிடிச்சு எழுதுங்க" என்று மருமகன் திருப்பிக் கொடுத்தான். படத்தை வைத்தே அதன் மூலத்தைத் தேடும் வழியைக் காட்டிக் கொடுத்தான். அந்த ஒரு மணி நேரம் வகுப்பு துப்பறியும் நாவல் மாதிரி நடந்தது.

நானும் என் பங்குக்கு ஒரு கதை சொன்னேன். இது நடந்த கதை. 1971-இல் அமெரிக்காவில் போர்ட்லண்ட் சர்வகலாசாலையில் கரோலின் டேவிட்ஸன் என்று ஒரு மாணவி, இவர்களைப் போலவே டிஸைன் படித்துக்கொண்டிருந்தவள். செருப்பு வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒருவருக்கு ஒரு முத்திரை வரைந்து கொடுத்தாள். இன்று உலகத்தில் அதைத் தெரியாத குழந்தை இல்லை. அதுதான் நைக்கியின் அந்த ஒற்றைக் கீற்று. அவள் வாங்கிய கூலி முப்பத்தைந்து டாலர். பிள்ளைகள் உருகுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப ஒரு டாலர் எவ்வளவுங்க தாத்தா?" என்று கேட்டான் நம் பையன்.

ஏழரை ரூபாய் என்றேன். மனக்கணக்குப் போட்டான். "இருநூத்தி அறுபத்திரண்டு ரூவாய்ங்க. எனக்கு நானூறு குடுத்தாங்களே!" என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு 1983-இல் அந்தக் கம்பெனி அவளைக் கூப்பிட்டு ஒரு மோதிரமும் பங்குகளும் கொடுத்ததையும் சொன்னேன். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பையன் மட்டும் இன்னொன்று கேட்டான்: "அந்தம்மா பேரு செருப்புல எங்கியாச்சும் போட்டிருக்குங்களா?"

இல்லை என்றேன். வேறென்ன சொல்வது? காசு கொடுத்து வாங்கினாலும் பெயர் அழிகிறது. கொடுக்காமல் எடுத்தாலும் அழிகிறது. மூலையில் பெயர் எழுதச் சொன்ன எங்கள் விதி பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே ஒரு நாள்கூடச் செல்லாது என்பது மருமகனுக்குத் தெரியும். மாதக் கடைசியில் சம்பளம் வாங்கும் இடத்தில் அவனே அதை எழுத முடியாது. எட்டாவது வாரம் அவன் எனக்குச் சொன்னான்: "நான் பொய் சொல்லிக் குடுக்கிறேனோன்னு இருக்கு மாமா. இதை நம்பிக்கிட்டு வெளியே போனா அவங்களுக்குத்தான் கஷ்டம்." நம்பாமல் போவதும் கஷ்டம்தானே என்று சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டேன். வேலையை விடு என்று அவனுக்குச் சொல்ல எனக்கென்ன? வீட்டுக் கடன் என்னுடையதா, அவனுடையதா?

பையன் ஆந்தையின் ஆளைக் கண்டுபிடித்துவிட்டான். யாரோ ஒரு பெண்மணி, குளிர்தேசத்தில் இருக்கிறாள். அவளுடைய பக்கத்தில் இன்னும் நூறு பறவைகள் இருந்தன. அத்தனையையும் அவன் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறான். "எல்லாம் கையில வரைஞ்சதுங்க தாத்தா. முதல்ல பென்சில்ல, அப்பறந்தான் கம்ப்யூட்டர்ல" என்று என்னிடம் சொன்னான். அவளுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்றான். அவனுக்கு இங்கிலீஷ் வராது; நான் எழுதித் தரவேண்டும்.

"என்ன எழுதட்டும்?"

"அதானுங்க தெரியலே. மன்னிச்சிருங்கன்னு எழுதறதுங்களா, நன்றின்னு எழுதறதுங்களா?"

இரண்டும் எழுது என்று சொல்லியிருக்கலாம். நாவலில் என்றால் சொல்லியிருப்பேன். ஆனால் கடிதம் போனால் என்ன ஆகும் என்று நான் அவனைவிட அதிகமாக யோசித்துவிட்டேன். அந்தப் பெண்மணி நல்லவளாக இருக்கலாம். அவளுக்கு ஒரு வக்கீலும் இருக்கலாம். எந்தப் பட்டறை, எந்தக் கடை என்று கேட்பார்கள். பட்டறைக்காரருக்குத் தொல்லை வந்தால் மை இழுக்கும் அப்பாவுக்கு அடுத்த வாரம் வேலை இருக்காது. பையன் செய்ததைப் பையன் ஒப்புக்கொள்ளலாம். அப்பாவின் கூலியையும் சேர்த்து ஒப்புக்கொடுக்க அவனுக்கு உரிமை உண்டா? அவன் கேட்காத இந்தக் கேள்வியை நான் அவனிடம் சொல்லலாமா? சொன்னால், உண்மை பேசுவதற்கு முன் லாபநஷ்டம் பார் என்று பாடம் நடத்தியவனாவேன். சொல்லாவிட்டால், தெரிந்தே ஒரு குழந்தையைக் கிணற்று விளிம்பில் நடக்கவிட்டவனாவேன்.

மாப்பஸான் 1893-லேயே செத்துப்போனார். எனக்கு அந்தச் சௌகரியம் இருந்தது.

நகல் எழுதி வைத்திருக்கிறேன், இரண்டு பக்கம். 'நன்றி' முதலில் வருகிறது, 'மன்னிக்கவும்' பிறகு வருகிறது. பட்டறையைப் பற்றி ஒன்றும் இல்லை. அப்படி எழுதினால் அது முழு உண்மையாகாது என்பதை அவன் படித்ததும் கண்டுகொள்வான். புள்ளி எண்ணுகிற பையன். இரண்டு தடவை போனில் கேட்டுவிட்டான். பள்ளி திறந்ததும் முதல் சனிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.